ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: எக்ஸெல்லில் ஒரு பட்டியல்

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது எத்தனை பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கிப் போகிறீர்கள்? நம் வீட்டுப் பிள்ளை என்றால் சிக்கல் இல்லை. என்ன பிடிக்கும், எது ஏற்கெனவே இருக்கிறது, எதை இரண்டே நாளில் உடைத்துவிடும் என்பதெல்லாம் நமக்கே தெரியும். அக்கா பிள்ளைகள், மாமா வீட்டுப் பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டுப் பையன் என்று வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். வருஷத்தில் ஒரு முறை பார்க்கும் பிள்ளைகளின் வயது கூட சரியாக நினைவில் இருப்பதில்லை.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். சென்னையில் சாப்ட்வேர் வேலை. இன்னும் திருமணம் ஆகவில்லை என்பதால், என் சம்பளம் முழுவதும் பொம்மை வாங்குவதற்கே என்று ஊரில் உள்ள பிள்ளைகள் அனைவரும் உறுதியாக நம்புகிறார்கள். என் பட்டியலில் இருப்பது 6 வீடுகள், 11 பிள்ளைகள். நான் ஒதுக்குவது 4,000 ரூபாய். இந்தக் கணக்கைச் சமாளிக்க நான் வைத்திருக்கும் எக்ஸெல் பைலைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லித் தரப் போகிறேன். அதற்கு முன், அந்த பைல் ஏன் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

799 ரூபாய் கார்

2022 டிசம்பரில் என்னிடம் பட்டியல் எதுவும் இல்லை. ஒரு நாள் இரவு ஆன்லைன் கடையில் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தபோது, கண்ணில் பட்டதை எல்லாம் வண்டியில் ஏற்றினேன். பில் 6,800 ரூபாய். எதிர்வீட்டுப் பையனுக்கு அப்போது 6 வயது. அவனுக்கு 799 ரூபாயில் ரிமோட் கார். பிரித்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் பெருமைதான்.

காருக்கு 4 செல், ரிமோட்டுக்கு 2 செல். பெட்டிக்குள் செல் இல்லை. அவன் அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்ப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அன்றைக்கே கடைக்குப் போய் 110 ரூபாய் கொடுத்து ஆறு செல்லையும் வாங்கி வந்தார். இரண்டு நாளில் தீர்ந்தது. இன்னொரு முறை வாங்கினார். அதுவும் தீர்ந்தது. அடுத்த வருடம் நான் போனபோது கார் பீரோவின் மேல், அதன் பெட்டிக்குள்ளேயே இருந்தது. "பத்திரமா எடுத்து வச்சிருக்கேன் மக்ளே" என்றார் அக்கா.

அதோடு முடியவில்லை. அந்த ஜனவரியில், நான் சென்னைக்குக் கிளம்பும் நாளில், எனக்கு ஒரு சுடிதார் துணி கொண்டுவந்து கொடுத்தார். எப்படிப் பார்த்தாலும் 600 ரூபாய்க்குக் குறையாது. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அது இன்னும் பெரிய தப்பு. பஸ்ஸில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை செல் 220, துணி 600. நான் கொடுத்த பரிசு அந்த வீட்டுக்கு 820 ரூபாய் செலவு வைத்திருந்தது. காரின் விலையை விட 21 ரூபாய் அதிகம்.

முதல் பைலில் நான் செய்த தவறு

2023-ல் பட்டியல் போட்டேன். இன்ஜினியரிங் படித்த மூளை அல்லவா, வகைப்படுத்தாமல் இருக்குமா? 'நிலை' என்று ஒரு நெட்டு வரிசை வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக வசதி, நடுத்தரம், கஷ்டம் என்று டைப் செய்தேன். எந்த வீட்டுக்குச் செலவு வைக்கும் பொருளைக் கொடுக்கக் கூடாது என்று சார்ட் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

ஊரில் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும்போது அந்தப் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆர்வம் உச்சத்தில் இருக்கும் வயது. கடைப் பலகை, பஸ் போர்டு எதையும் விடமாட்டான். திரையில் விரலை வைத்து, "எ... தி... ர்... எதிர்வீடு. க... ஷ்... கஷ்டம்" என்று படித்தான். பிறகு என்னைப் பார்த்து, "சித்தி, எங்க வீட்டுல என்ன கஷ்டம்?" என்றான்.

"ஒண்ணுமில்ல மக்ளே, சித்தி தப்பா டைப் பண்ணிட்டேன்" என்றேன்.

"அப்ப அழிச்சிருங்க."

அழித்தேன். ஒரு நெட்டு வரிசையை முழுவதுமாக நீக்க, அதன் தலைப்பு எழுத்தில் கிளிக் செய்து, கண்ட்ரோல் கீயுடன் கழித்தல் கீயை அழுத்தினால் போதும். உடனே சேமித்து, பைலை மூடினேன்.

அந்த நெட்டு வரிசைக்குப் பதிலாக வந்ததுதான் இந்தப் பைலின் உயிர்நாடியான 'பின்செலவு'. ஒரு வீட்டைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை. பொருளைப் பற்றி எழுதினால் போதும்.

பட்டியலைத் தயாரிப்போம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். இலவசம்தான். மெனுக்கள் கொஞ்சம் மாறும், பார்முலாக்கள் அப்படியே செயல்படும். ஒரு விஷயம்: கீழே செல் பெயர்களையும் பார்முலாக்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். பிள்ளைகளின் பெயர், வீடு, பொருள் எல்லாம் யூனிகோட் தமிழில் இருக்கலாம்.

முதல் ஆறு படுக்கை வரிசைகள் கணக்குக்கு. ஏ1 செல்லில் 'வருடம்' என்று டைப் செய்து, பி1-ல் 2024 என்று கொடுங்கள். ஏ2-ல் 'மொத்தப் பணம்', பி2-ல் 4000. ஏ3-ல் 'பேப்பர், டேப், ரிப்பன்', பி3-ல் 200. இந்த 200 ரூபாயை நான் முன்பெல்லாம் கணக்கில் எடுத்ததே இல்லை. ஏ4-ல் 'எதிர்பாராத பிள்ளை', பி4-ல் 400. கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனை முடிந்து எல்லாரும் ஆச்சி வீட்டில் கூடும்போது, பட்டியலில் இல்லாத பிள்ளை ஒன்றாவது கட்டாயம் வந்திருக்கும். மற்ற பிள்ளைகள் பிரிக்கும்போது அது மட்டும் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? எந்த வயதுக்கும் பொருந்தும்படி படம் வரையும் நோட்டும் கலர் பென்சில் பெட்டியுமாக இரண்டு பொட்டலம் எப்போதும் கூடுதலாக வைத்திருப்பேன்.

ஏ5-ல் 'ஒரு பிள்ளைக்கு' என்று எழுதி, பி5-ல் இந்தப் பார்முலாவைக் கொடுங்கள்:

=(பி2-பி3-பி4)/கவுண்ட்ஏ(ஏ8:ஏ40)

கவுண்ட்ஏ என்பது காலியாக இல்லாத செல்களை எண்ணிச் சொல்லும் ஃபங்ஷன். ஏ8 முதல் பெயர்களை டைப் செய்யப் போகிறோம். பெயர் எதுவும் இல்லாதவரை பிழைச் செய்தி வரும், பயப்பட வேண்டாம். 11 பெயர்கள் வந்ததும் 3,400-ஐ 11-ஆல் வகுத்து 309 என்று காட்டும். பன்னிரண்டாவது பெயரைச் சேர்த்தால் தானாகவே 283 ஆகிவிடும். அதற்காகத்தான் 40 வரை இடம் விட்டோம்.

ஏ6-ல் 'மீதி'. பி6-ல்:

=பி2-பி3-பி4-சம்(ஹெச்8:ஹெச்40)

இனி ஏழாவது வரிசையில் தலைப்புகள். ஏ: பெயர். பி: வீடு. சி: பிறந்த வருடம். டி: வயது. இ: வீட்டில் உள்ளவை. எஃப்: போன முறை கொடுத்தது. ஜி: இந்த முறை. ஹெச்: விலை. ஐ: பின்செலவு. பிறகு பி8 செல்லில் கிளிக் செய்து, வியூ டேபில் ஃப்ரீஸ் பேன்ஸ் கொடுத்துவிடுங்கள். பட்டியலில் எவ்வளவு கீழே போனாலும் மீதிப் பணமும் பிள்ளையின் பெயரும் கண்ணை விட்டு மறையாது.

வயதை டைப் செய்யாதீர்கள். பிறந்த வருடத்தை சி8-ல் கொடுத்து, டி8-ல் இப்படி எழுதுங்கள்:

=$பி$1-சி8

இந்த டாலர் குறிகள் எதற்கு? பார்முலாவைக் கீழே இழுத்து நகல் எடுக்கும்போது சி8 என்பது சி9, சி10 என்று மாறிக்கொண்டே போகும். அது நமக்குத் தேவை. ஆனால் வருடம் இருக்கும் பி1 மாறக் கூடாது. டாலர் குறி போட்டால் அது அதே இடத்தில் நின்றுவிடும். பி1 என்று டைப் செய்தவுடன் எஃப்4 கீயை ஒரு முறை தட்டினால் இரண்டு டாலரும் தாமாகவே வந்து உட்காரும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அடுத்த வருடம் பி1-ல் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் பதினொரு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரு வயது கூடிவிடும். இது கொஞ்சம் வேடிக்கையாகவும், கொஞ்சம் கலக்கமாகவும் இருக்கும்.

வீட்டின் பெயரை ஒவ்வொரு முறையும் கையால் டைப் செய்தால் 'எதிர்வீடு' என்று ஒரு முறையும் 'எதிர் வீடு' என்று ஒரு முறையும் வரும். எக்ஸெல் இரண்டையும் வெவ்வேறு வீடாக எடுத்துக்கொள்ளும். எனவே பி8 முதல் பி40 வரை தேர்வு செய்து, டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்யுங்கள். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்வு செய்து, சோர்ஸ் கட்டத்தில் வீடுகளின் பெயர்களைக் காற்புள்ளி இட்டு வரிசையாகக் கொடுங்கள். இனி செல்லில் கிளிக் செய்தால் பட்டியல் விரியும். கால்க் சாப்ட்வேரில் இது டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்ற பெயரில் இருக்கிறது.

'வீட்டில் உள்ளவை' என்ற இடத்தில் கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். கம்ப்யூட்டர் இருக்கிறது, பிரிண்டர் இல்லை, முற்றம் உண்டு, கைக்குழந்தை இருக்கிறது என்பது போல. கைக்குழந்தையை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். 9 வயதுப் பிள்ளைக்குச் சின்னச் சின்ன துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் பொம்மை நல்ல பரிசுதான். அதே வீட்டில் தவழும் தங்கை இருந்தால், முதல் துண்டு அவள் வாய்க்குத்தான் போகும்.

பின்செலவு: இதுதான் முக்கியம்

பரிசு வீட்டுக்குள் போன பிறகு, ஒரு வருடத்தில் அது பெற்றோரின் கையிலிருந்து எவ்வளவு பணத்தை எடுக்கும்? ஐ நெட்டு வரிசையில் அந்த எண்ணைப் போடுங்கள். சரியான எண் தேவையில்லை, தோராயமாக இருந்தால் போதும். ஒரு பொருளை வாங்கும் முன் இந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும் என்பதே பாதிப் பேராசையைக் குறைத்துவிடும்.

ரிமோட் காருக்கு வாரம் ஒரு செட் செல் என்று வைத்தால் மாதம் 440 ரூபாய். எந்த வீட்டிலும் அப்படி வாங்க மாட்டார்கள். கார்தான் பீரோ மேல் ஏறும். முதல் மாதம் இலவசம், பிறகு சந்தா என்று வரும் கல்வி ஆப்களும் இதே கதைதான். இலவச மாதம் முடிந்ததும் சந்தா தானாகவே பிடிக்கப்படும் வகை என்றால் இன்னும் மோசம். மொபைலில் விளையாடும் எந்தப் பரிசுக்கும் டேட்டா வேண்டும், அம்மாவின் போன் வேண்டும். குறிப்பிட்ட நிறுவனத்தின் உருளைப் பேப்பர் இருந்தால்தான் ஓடும் குட்டி பிரிண்டர் கேமரா ஒன்றை நானே ஒருமுறை வண்டியில் போட்டு, ஐ கட்டத்தில் வந்த எண்ணைப் பார்த்து எடுத்துவிட்டேன்.

ஐ8 முதல் ஐ40 வரை தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் கிரேட்டர் தேன் என்று செல்லுங்கள். 0 என்று கொடுத்து சிவப்பு நிறத்தைத் தேர்வு செய்யுங்கள். இனி பின்செலவு வைக்கும் எந்தப் பொருளும் சிவப்பாகத் தெரியும். இதே முறையில் ஹெச் நெட்டு வரிசைக்கு =$பி$5 என்று கொடுத்து மஞ்சள் நிறம் வையுங்கள். மஞ்சள் என்றால் தவறு என்று அர்த்தமில்லை. ஒருவருக்கு 309-க்கு மேல் போயிருக்கிறது, வேறொருவருக்குக் குறைய வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு அப்படியல்ல. சிவப்பு இருந்தால் பொருளை மாற்றுவேன், இல்லையென்றால் அந்தச் செலவை என் பக்கம் இழுத்துக்கொள்வேன்.

எப்படி இழுப்பது? செல்லில் ஓடும் பொம்மைதான் வேண்டும் என்றால் ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களையும் சார்ஜரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அப்போது ஐ குறையும், ஹெச் கூடும். பெரும்பாலும் 309-ஐத் தாண்டிவிடும், பொம்மை தானாகவே பட்டியலை விட்டு வெளியே போகும். (சாதாரண செல் 1.5 வோல்ட், இந்த வகை 1.2 வோல்ட். பெரும்பாலான பொம்மைகள் இதிலேயே ஓடும். சில பொம்மைகள் கொஞ்சம் சோம்பலாக ஓடும்.)

செல் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, ஒளிரும் பம்பரம் போன்றவற்றில் சட்டைப் பொத்தான் போன்ற பட்டன் செல் இருக்கும். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயில் கடுமையான புண் ஏற்படலாம். உடனடியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் இது. செல் இருக்கும் மூடி திருகாணியால் இறுக்கப்படவில்லை என்றால் அந்தப் பொம்மையை வாங்காதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற மொபைல் ஆப்பில் கொடுத்துச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு என்பதால், சென்னப்பட்டணம் மரப்பொம்மையில் முத்திரை இல்லை என்று சந்தேகப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டர் உள்ள வீட்டுக்கு

அக்கா வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு 2024-ல் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றைப் பரிசுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். உள்ளே இரண்டு இலவச சாப்ட்வேர்கள். ஒன்று டக்ஸ் பெயிண்ட். 2002 முதல் வந்துகொண்டிருக்கும் சிறுவர்களுக்கான ஓவிய சாப்ட்வேர். மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டாம்ப் படங்களைத் தனியாக டவுன்லோட் செய்து சேர்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பிடிப்பதே அவைதான். இன்னொன்று ஜிகாம்ப்ரி. 2 முதல் 10 வயது வரை உள்ளவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உண்டு. மவுஸ் பிடிப்பது, எண்ணுவது, கடிகாரம் பார்ப்பது என்று தொடங்கி சதுரங்கம் வரை இருக்கிறது. இரண்டிலும் விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. இன்ஸ்டால் செய்த பிறகு இன்டர்நெட்டும் தேவையில்லை. ஐ கட்டத்தில் சுத்தமான 0.

பென் டிரைவை அறிமுகம் இல்லாத இடத்தில் மலிவாக வாங்காதீர்கள். 64 ஜிபி என்று காட்டி உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்கும் போலிகள் உண்டு. இன்னொரு அனுபவப் பாடம்: நான்கு வயதுப் பையனுக்குப் பெட்டியைத் திறந்தால் விரல் அளவு பிளாஸ்டிக் துண்டு கிடைக்கிறது. அவனுக்கு அது பரிசே இல்லை. உதடு பிதுங்கியது. டக்ஸ் பெயிண்ட்டில் வரைந்த ஒரு படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து உள்ளே வைத்திருந்தால் சமாளித்திருக்கலாம். அன்று உடனே கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்ட வேண்டியதாகிவிட்டது. பிரியாணி ஆறிப்போனது.

நாமே அச்சிடும் கதைப் புத்தகம்

எனக்கு மிகவும் பிடித்த பரிசு இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரதம் புக்ஸ் அமைப்பு 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன. படிக்கும் திறனைப் பொறுத்து நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் டவுன்லோட் செய்யலாம், அச்சிடலாம், கொடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் நீக்கக் கூடாது.

பிடிஎஃப் பைலை அடோபி ரீடரில் திறந்து பிரிண்ட் கட்டளை கொடுங்கள். புக்லெட் என்ற பட்டனைத் தேர்வு செய்யுங்கள். இப்போது பக்கங்கள் 1, 2, 3 என்று வரிசையாக வராது. 16-ம் பக்கமும் 1-ம் பக்கமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரும். பதறாதீர்கள், மடித்தால் சரியாகிவிடும். ஒரு ஏ4 தாளில் முன்னும் பின்னுமாக நான்கு பக்கங்கள் அடங்கும். 16 பக்கக் கதைக்கு 4 தாள். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடவில்லை என்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் வரும். அதில் பிள்ளை படம் வரைந்துகொள்ளலாம்.

இரண்டு பக்கமும் தானாக அச்சிடும் பிரிண்டர் என்றால் போத் சைட்ஸ் என்று கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முதலில் ஃபிரண்ட் சைட் ஒன்லி கொடுத்து, வந்த தாள்களைத் திருப்பி வைத்து, பிறகு பேக் சைட் ஒன்லி கொடுக்க வேண்டும். எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ஒரு பழைய தாளில் அம்புக்குறி வரைந்து சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். நான் சோதிக்காமல் தொடங்கியதில் ஒரு யானை தலைகீழாக அச்சாகி, நான்கு தாள் வீணாயிற்று.

வீட்டில் கலர் பிரிண்டர் இல்லாவிட்டால் பைலைப் பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். நான் பக்கத்துக்கு 10 ரூபாய் வீதம் 8 பக்கங்களுக்கு 80 ரூபாய் கொடுத்தேன். தடித்த அட்டையில் மேலட்டை ஒன்று, அதில் பெரிய தமிழ் எழுத்தில் பிள்ளையின் பெயர். இதற்கு இன்னொரு 15. நடுவில் ஊசி நூலால் மூன்று தையல். நூறு ரூபாய்க்குள் முடிந்த அந்தப் புத்தகத்தைத்தான், மாமா வீட்டுப் பேத்தி இரண்டு நாள் யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தாள். அவளுக்கு வாங்கிய வேறு எதற்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

வீட்டு வாரியாகக் கூட்டல்

பிள்ளைகள் பொட்டலத்தின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் வீட்டுக்கு வந்த மொத்தத்தைப் பார்ப்பார்கள். இரண்டையும் நாம் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஒரே அறையில் ஒன்றாகப் பிரிக்கும் பிள்ளைகளுக்குப் பொட்டல எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். விலையில், அதிகபட்சம் குறைந்தபட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வீட்டு மொத்தம் தெரிய சப்டோட்டல் வசதி இருக்கிறது. ஆனால் அசல் ஷீட்டில் இதைச் செய்யாதீர்கள். இடையிடையே கூட்டல் வரிசைகள் நுழைவதால் பி6-ல் உள்ள சம் ஃபங்ஷன் அவற்றையும் சேர்த்துக் கூட்டி, மீதிப் பணத்தைத் தப்பாகக் காட்டும். கீழே உள்ள ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி, கிரியேட் எ காப்பி என்று கொடுத்து நகல் எடுங்கள். நகலில், தலைப்பு வரிசையிலிருந்து கடைசிப் பிள்ளை வரை தேர்வு செய்து, முதலில் 'வீடு' வாரியாகச் சார்ட் செய்யுங்கள். பிறகு டேட்டா டேபில் சப்டோட்டல். அட் ஈச் சேஞ்ச் இன் என்ற இடத்தில் வீடு, ஃபங்ஷனில் சம், கீழே விலை, பின்செலவு இரண்டுக்கும் டிக். அவ்வளவுதான். பார்த்து முடித்ததும் நகல் ஷீட்டை நீக்கிவிடலாம்.

எதிர்வீட்டுப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2024-ல் அவனுக்கு 8 வயது. அரவிந்த் குப்தாவைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கான்பூர் ஐஐடியில் படித்தவர், வீணாகும் பொருள்களில் விஞ்ஞானப் பொம்மைகள் செய்து காட்டுபவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து முக்கோணம், சதுரம், வீடு, கூண்டு என்று கட்டும் முறை அவருடையது. அவருடைய இணையதளத்தில் புத்தகங்களும் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சைக்கிள் கடையில் 30 ரூபாய்க்கு வால்வ் டியூப், மருந்துத் தலையை வெட்டி எடுத்த தீக்குச்சிகள், 120 ரூபாய்க்கு ஒரு பூதக்கண்ணாடி, 60 ரூபாய்க்கு ஒரு தமிழ்ப் புத்தகம், 40 ரூபாய்க்கு மூடியுள்ள டப்பா. மொத்தம் 250. பின்செலவு 0. தீக்குச்சி தீர்ந்தால் துடைப்பக் குச்சியை ஒடித்துக்கொள்ளலாம் என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். அதனால் அவன் அம்மாவிடம் எனக்குக் கொஞ்சம் திட்டு விழுந்தது.

அந்த வருடம் கிளம்பும் நாளில் அக்கா ஒரு தூக்குவாளி கொடுத்தார். உள்ளே அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும். எல்லா வீட்டுக்கும் கொடுப்பது போலவே எங்களுக்கும்.

கடைசியாக இரண்டு வேலைகள்

பெயர்ச் சீட்டுகளை வேர்டில் மெயிலிங்ஸ் டேப் வழியாக இதே பட்டியலிலிருந்து அச்சிடலாம் என்றாலும், பதினொரு சீட்டுக்கு அது தேவையில்லை. கையால் எழுதுங்கள்.

பைலுக்குக் கட்டாயம் பாஸ்வேர்ட் போடுங்கள். விலைகள் இருக்கும் பட்டியல் உறவினர் கண்ணில் படுவது நல்லதல்ல. பைல் மெனுவில் இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட். மறந்துவிட்டால் திறக்க வழியில்லை, எனவே எங்காவது எழுதி வையுங்கள். கால்க்கில் சேவ் ஆஸ் விண்டோவிலேயே பாஸ்வேர்டுக்கான கட்டம் இருக்கிறது.

ஜனவரியில் சேவ் ஆஸ் கொடுத்து அடுத்த வருடத்தின் பெயரில் ஒரு நகல் எடுங்கள். 'இந்த முறை' என்பதில் இருப்பதை 'போன முறை கொடுத்தது' என்பதற்கு மாற்றி, விலையையும் பின்செலவையும் காலி செய்துவிடுங்கள். கடைசியில் ஜே என்று ஒரு நெட்டு வரிசை சேர்த்து 'இப்போது எங்கே இருக்கிறது?' என்று தலைப்பு கொடுங்கள். மே மாத விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நிரப்ப வேண்டியது அது. என் பைலில் இப்போது ஒரு பீரோ மேல், இரண்டு காணோம், ஒரு தம்பி கையில், ஒரு கிணற்றுக்குள் என்று இருக்கிறது.